பதினான்காம் கதவின் எண்

புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பதினான்காம் கதவின் மேலிருந்த பலகையில் அறுபத்து நான்கு என்ற எண் விழுந்தது. இரும்புக் கதவு தானாகவே பூட்டிக்கொண்டது. வரிசையில் நின்ற நூற்றைம்பது பேர் ஒரு வார்த்தை பேசாமல் வந்த வழியே திரும்பினார்கள். கண் பரிசோதனைக்கு மகளைக் கூட்டிவந்திருந்த ஒரு பெண், மகளின் தலையில் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு நடந்தாள். யாரும் திட்டவில்லை, கெஞ்சவில்லை.

கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த தர்சிகாவுக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது. அவள் ஊரான கிளிநொச்சியில் பஸ் பத்து நிமிடம் பிந்தினாலே சனம் நடத்துனரை ஒருவழி பண்ணிவிடும்.

அவள் முதல் நாள்தான் நிக்கோசியாவிலிருந்து வந்திருந்தாள். இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத்துக்கும் இடையே போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கையெழுத்திட்ட இரு தரப்பும் ஒருவரையொருவர் நம்பவில்லை. ஆகவே நம்புகிற வேலையை ஓர் இயந்திரத்திடம் விட்டிருந்தார்கள். அதற்கு அமைதிமானி என்று பெயர். கைபேசிகளின் நடமாட்டம், வாகனங்கள், கேமராக்கள், கடைகளில் விற்கிற பொருட்கள் என்று எல்லாவற்றையும் வாசித்து, அடுத்த மூன்று நாட்களில் ஓரிடத்தில் இரத்தம் சிந்த எவ்வளவு வாய்ப்பு என்று நூற்றுக்குக் கணக்கிட்டுச் சொல்லும். அறுபதைத் தாண்டினால் கதவு மூன்று நாட்களுக்குப் பூட்டு. எண்பதைத் தாண்டினால் ஆளில்லா விமானங்களும் ஆயுதம் தாங்கிய காவலணியும் வந்து இறங்கும். மனிதர் எவரும் உத்தரவிடத் தேவையில்லை. மனிதர் எவரும் பொறுப்பும் இல்லை.

இயந்திரம் சரியாகத்தான் வேலை செய்கிறதா என்று பார்ப்பது தர்சிகாவின் தொழில். நிக்கோசியாவில் இருந்த கண்காணிப்பு மன்றம் ஆண்டுதோறும் சில கதவுகளுக்குத் தணிக்கையாளர்களை அனுப்பும். இந்த முறை அவளுக்குப் பதினான்காம் கதவு.

கதவை ஒட்டிய பள்ளத்தாக்கில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. கிழக்கே மேட்டில் கஃப்ர் ஸைத்தா என்ற பாலஸ்தீனக் கிராமம், மேற்கே கிர்யாத் ஓரென் என்ற இஸ்ரேலிய ஊர். இரண்டின் கழிவும் இங்கே வந்துதான் சேர்ந்தது. நிலையத்தின் பொறுப்பாளர் நித்ஸா என்ற அறுபத்தாறு வயது இஸ்ரேலியப் பெண். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி.

"சமாதானம் வருமோ எண்டு கேக்க வந்தனீரோ, பிள்ளை?" என்றாள் நித்ஸா, கையைக்கூடத் துடைக்காமல். "வாறவை எல்லாரும் அதைத்தான் கேக்கினம். முதலே சொல்லிப்போடுறன். வராது. என்ர காலத்திலயும் வராது, உம்மட காலத்திலயும் வராது. ஆனா ரெண்டு பக்கத்துச் சனமும் ஒவ்வொரு நாளும் கக்கூசுக்குப் போகும். அது நிச்சயம். அதுக்காகத்தான் நான் இருக்கிறன்."

தர்சிகாவின் காதுக்குள் இருந்த மொழிபெயர்ப்பான் எபிரேயத்தையும் அரபியையும் ஆங்கிலத்தையும் அவளுடைய வன்னிப் பேச்சிலேயே அவளுக்குச் சொல்லும். ஒரு நாள் பழகிவிட்டால் எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரர் போலத்தான் கேட்கும்.

"நான் அதைக் கேக்க வரேல்ல அம்மா," என்றாள் தர்சிகா. "கதவு ஏன் பூட்டுது எண்டு பாக்க வந்தனான்."

நித்ஸாவின் முகம் ஒரு கணம் மாறியது. "அதை ராமிஸிட்டக் கேளும்," என்று சொல்லிவிட்டுப் பம்ப் அறைக்குள் போய்விட்டாள்.

ராமிஸ் நிலையத்தின் தலைமைத் தொழில்நுட்பர். கஃப்ர் ஸைத்தாக்காரர், ஐம்பத்திரண்டு வயது. கதவு பூட்டிய நாட்களில் அவர் வேலைக்கு வர முடியாது. ஆனாலும் வந்து கதவுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, பம்புகளின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். எந்தப் பம்ப் திணறுகிறது என்று அங்கிருந்தே நித்ஸாவுக்குத் தொலைபேசியில் சொல்லுவார். தர்சிகா கம்பிகளுக்கருகே போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

"சமாதானம் வராதெண்டு அவ சொல்லியிருப்பா," என்றார் ராமிஸ். "வரும், தங்கச்சி. ஆனா அவ நினைக்கிற மாதிரி இல்லை. அவையளுக்குச் சமாதானம் எண்டா சத்தம் இல்லாமல் இருக்கிறது. எங்களுக்குச் சமாதானம் எண்டா இந்தக் கதவு இல்லாமல் இருக்கிறது. ரெண்டும் ஒண்டில்லை."

"இண்டைக்கு ஏன் எண் ஏறினது? ஏதாவது நடந்ததோ?"

"ஒண்டும் நடக்கேல்ல. ஒரு நாளும் ஒண்டும் நடக்கிறேல்ல." அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "என்ர தகப்பனுக்கு ரெண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு மூண்டு தரம் இந்தக் கதவால போய்த்தான் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார். ரெண்டு வரியத்துக்கு முதல் ஒரு புதன்கிழமை எழுபத்தொண்டு விழுந்தது. மூண்டு நாள் பூட்டு. வேற கதவுகளும் அந்தக் கிழமை பூட்டு. சனிக்கிழமை திறக்கேக்க அவர் இல்லை. அந்த மூண்டு நாளும் இங்க ஒருத்தரும் ஒரு கல்லுக்கூட எறியேல்ல. ஏன் அண்டைக்கு எழுபத்தொண்டு எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. நீங்கள் கண்டுபிடிச்சால் சொல்லுவியளோ?"

சொல்லுகிறேன் என்றாள் தர்சிகா. அப்போதே மழை தூறத் தொடங்கியிருந்தது.

அன்று பிற்பகல் முழுவதும் அவள் நிலையத்தின் சிறிய அலுவலக அறையில் உட்கார்ந்து பழைய பதிவுகளைப் புரட்டினாள். கடந்த மூன்று ஆண்டுகளில் பதினான்காம் கதவு முப்பத்தொரு தடவை பூட்டப்பட்டிருந்தது. முப்பத்தொரு தடவையும் கதவடியில் எந்த அசம்பாவிதமும் இல்லை. முப்பத்தொரு தடவையும் புதன்கிழமை. அதுவும் மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கு அடுத்த புதன்.

அவள் பம்ப் அறைக்குப் போனாள். "அம்மா, மூண்டாவது செவ்வாய்க்கிழமையில இங்க என்ன நடக்கிறது?"

நித்ஸா கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தாள்.  பிறகு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். பின்கட்டில் ஒரு களஞ்சிய அறை. அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. பதினொரு கதிரைகள் துடைத்தபடி இருந்தன. மற்றவற்றில் தூசி படிந்திருந்தது.

"ஆக்களைப் பறிகுடுத்தவை," என்றாள் நித்ஸா. "பிள்ளையை, புருசனை, சகோதரத்தை. ரெண்டு பக்கத்துச் சனமும். மாசத்தில ஒருக்கா, பின்னேரம் நாலு மணிக்கு இதில வந்து இருந்து கதைப்பம். என்ர மகன் இட்டாய் பஸ் தரிப்பிடத்தில குண்டு வெடிச்சுச் செத்தவன். அது நடந்து பத்தொன்பது வரியம். ராமிஸின்ர தம்பி பதினேழு வயசில சுடுபட்டுச் செத்தவன். ராமிஸும் வருவான்."

"சமாதானம் வராதெண்டு சொன்னனீங்கள்."

"வராதுதான். இஞ்ச வாறவையில முக்கால்வாசிப்பேர் நம்பிறேல்ல." நித்ஸா ஒரு கதிரையின் தூசியை விரலால் இழுத்தாள். "ஆனா வேற எங்க போய் இட்டாயைப் பற்றிக் கதைக்கிறது? என்ர தெருவில எல்லாரும் கேட்டு அலுத்துப்போச்சினம்."

"ஏன் இவ்வளவு கதிரை வெறுமையா இருக்குது?"

"முந்தி முப்பத்தி நாலு பேர் வந்தவை. பிறகு கூட்டம் முடிஞ்ச மறுநாள் எண் ஏறத் தொடங்கினது. ஒவ்வொரு மாசமும். மெஷின் சும்மா ஏத்துமோ, பிள்ளை? எங்களுக்குள்ள ஆரோ ஒருத்தர் எதையோ திட்டம் போடுறார், அது மெஷினுக்குத் தெரியுது, எங்களுக்குத் தெரியேல்ல எண்டு யோசிச்சம். ஒருத்தரை ஒருத்தர் பாத்த பார்வை மாறிப்போச்சு. ஒவ்வொருத்தரா வராமல் நிண்டிட்டினம். மிஞ்சினது பதினொரு பேர். நேற்றும் பதினொரு பேர்தான்."

"ஆரெண்டு சந்தேகப்பட்டனீங்கள்?"

நித்ஸா விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். 

வியாழக்கிழமை காலையில் தர்சிகா நிக்கோசியாவுக்கு அழைத்து மேலதிகாரி ஆண்ட்ரியாஸிடம் பேசினாள். அவர் சைப்ரஸ்காரர். நகரின் நடுவே கோடு கிழித்துப் பிரித்த தெருவில் பிறந்து வளர்ந்தவர். அதனால் எதையும் எளிதில் நம்பமாட்டார்.

"அமைதிமானிக்குக் கற்பிக்கிறதுக்குக் குடுத்ததெல்லாம் உடன்பாட்டுக்கு முந்தின காலத்துப் பதிவுகள், என்ன?" என்றாள் தர்சிகா.

"ஓம். அறுபது வரியத்துப் பதிவு."

"அந்தக் காலத்தில ரெண்டு பக்கத்துச் சனமும் ஒரே இடத்தில வந்து சேர்ந்தால் அது என்னத்துக்கா இருக்கும்? ஒண்டில் கல்லெறி, இல்லாட்டிச் சுத்திவளைப்பு, இல்லாட்டிக் கலவரம். அதைத்தான் அது படிச்சிருக்குது. இப்ப பதினொரு பேர் ஒரு அறைக்குள்ள இருந்து அழுதாலும் அதுக்குக் கலவரத்துக்கு முந்தின கூட்டமாத்தான் தெரியுது."

ஆண்ட்ரியாஸ் யோசித்தார். "பதினொரு பேருக்கு அறுபத்து நாலு ஏறுமோ? கூடவா இருக்குதே."

"முதல்ல முப்பத்தி நாலு பேருக்குத்தான் ஏறினது. கதவைப் பூட்டினது. மூண்டு நாளும் ஒண்டும் நடக்கேல்ல. பூட்டினபடியால்தான் நடக்கேல்ல, நான் சொன்னது சரி எண்டு அது எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு தரமும் தன்னைத் தானே மெச்சிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பயந்துகொண்டு வந்திருக்குது. இப்பிடியே விட்டால் நாலு பேர் சேர்ந்து தேத்தண்ணி குடிச்சாலும் பூட்டும்."

"மற்றக் கதவுகளிலயும் இப்பிடி இருக்குமோ?"

"சனம் சந்திக்கிற இடமெல்லாம் இருக்கும். ஆரும் சந்திக்காத இடத்திலதான் எண் குறைவா இருக்கும்."

 "எழுதி அனுப்புங்கோ," என்றார் ஆண்ட்ரியாஸ். "மன்றம் கூடி முடிவெடுக்க ஆறு கிழமை செல்லும்."

ஆறு கிழமை பொறுக்க மழை விடவில்லை. புதன் பிற்பகல் வலுத்தது வியாழன் மதியம் வரை ஓயாமல் கொட்டியது. பன்னிரண்டரை மணிக்கு ராமிஸ் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். நிலையத்தின் மேல்குளம் அவர் நின்ற இடத்திலிருந்துதான் நன்றாகத் தெரியும். கழிவுநீரைத் தேக்கி வைக்கும் பெரிய குளம் அது. அதன் கரை கிழக்கு மூலையில் வெடித்துச் சேறு கசியத் தொடங்கியிருந்தது.

நித்ஸா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "கரை போனால் கீழ பள்ளத்தில கஃப்ர் ஸைத்தாவின்ர அறுபது வீடு. அதுக்கும் கீழ எங்கட ஊருக் குடிதண்ணிக் கிணறு. ரெண்டும் போகும். ரெண்டு மணித்தியாலம் தாங்கினால் பெரிய காரியம். மண்மூட்டை இருக்குது. ஆள் இல்லை. எனக்கு நூறு பேர் வேணும், பிள்ளை."

கிர்யாத் ஓரெனிலிருந்து முப்பது பேர் வரமுடியும். மற்றவர்கள் கஃப்ர் ஸைத்தாவிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் கதவு பூட்டியிருந்தது. திறந்தாலும், இருபக்கத்திலும் இருந்து நூறு பேர் ஓரிடத்தில் கூடினால் எண் எண்பதைத் தாண்டும் என்பது நிச்சயம். தாண்டினால் மண்மூட்டை தூக்கிக்கொண்டிருப்பவர்களின் தலைக்கு மேல் விமானங்கள் வரும். கலைந்து போகச் சொல்லும். போகாவிட்டால் சுடும்.

தர்சிகா ஆண்ட்ரியாஸை மறுபடி அழைத்தாள்.

"ஒரு வழி இருக்குது," என்றார் அவர், மெதுவாக. "கதவடியில நிக்கிற தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டால் எண்ணை ஆறு மணித்தியாலம் நிப்பாட்டலாம். கதவு திறக்கும். காவலணி வராது. ஒன்பது வரியத்தில ஒருத்தரும் போடேல்ல. ஏனெண்டால், அந்த ஆறு மணித்தியாலத்தில ஒரு ஆளுக்கு ஏதும் நடந்தாலும் பொறுப்பு உங்கட தலையில. வழக்கு, சிறை, எல்லாம்."

"நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"போடுங்கோ எண்டு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. போடாதேங்கோ எண்டு சொல்லவும் இல்லை."

அவள் கையடக்கத் திரையில் அந்தப் படிவத்தைத் திறந்தாள்.  தான் கண்டுபிடித்தது சரி என்று காலையில் அவ்வளவு நிச்சயமாகப் பேசியவள்தான். இப்போது அறுபது ஆண்டுப் பதிவுகளுக்கு எதிராக ஒரு நாள் யோசனையை வைத்துக்கொண்டு நிற்பது போல் இருந்தது. இயந்திரம் சொன்னது சரியாக இருந்தால்? நூறு பேரில் ஒருவன், ஒரேயொருவன், சட்டைக்குள் கத்தி வைத்திருந்தால்? கம்பிகளுக்கு அப்பால் ராமிஸ் நனைந்துகொண்டு நின்றார். அவர் அவளைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கையெழுத்திட்டாள். கதவு திறந்தது.

கஃப்ர் ஸைத்தாவிலிருந்து எண்பது பேருக்கு மேல் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கி வந்தார்கள். மேற்கிலிருந்து வந்த முப்பது பேருக்கு முன்னால் டோவிக் நின்றான். அவன் கிர்யாத் ஓரெனின் பாதுகாப்புப் பொறுப்பாளன். கையில் துவக்கு. மண்வெட்டிகளோடு இறங்கி வரும் கூட்டத்தைக் கண்டதும் துவக்கை மார்புக்கு நேரே உயர்த்திப் பிடித்தான். கூட்டம் நின்றது. முன்னால் நின்ற ஓர் இளைஞன் மண்வெட்டியை இரண்டு கையாலும் இறுக்கினான். 

தர்சிகாவின் கையிலிருந்த திரையில் அமைதிமானி கணக்கிடுவதை நிறுத்தவில்லை. எண்ணுக்கு அதிகாரம்தான் இல்லை. எழுபத்தொன்று என்று காட்டியது.

நித்ஸா சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்து இரண்டு கூட்டத்துக்கும் நடுவே போய் நின்றாள். "டோவிக், உனக்குக் கரை தெரியுதோ, இல்லையோ?" என்று கேட்டாள். "மூட்டை அங்க கிடக்குது. போ."

டோவிக் துவக்கைக் கீழே வைக்கவில்லை. ஆனால் அதை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுப் போய் ஒரு மூட்டையைத் தூக்கினான். அதற்குள் ராமிஸ், இளைஞனின் தோளில் தட்டி, "பாத்துக்கொண்டு நிக்காத, கிழக்கு மூலைக்கு ஓடு," என்றார். பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. களஞ்சியத்திலிருந்து கரை வரைக்கும் ஒரு வரிசை உருவானது. மூட்டைகள் கைமாறி மேலே போயின. யாருக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது சேறு பூசியபின் தெரியவில்லை.

எண்பத்து மூன்று என்றது திரை. தர்சிகா அதைக் கரைக்கல்லில் வைத்துவிட்டுத் தானும் வரிசையில் நின்றாள். ஒவ்வொரு மூட்டைக்குப் பிறகும் அவள் கண் திரைக்குப் போனது. எண்பத்தெட்டு. தொண்ணூறு. கரையின் வெடிப்பு ஒருமுறை பெரிதாகத் திறந்து, ஒரு பெண்ணை முழங்கால் வரை சேறு இழுத்தது. நாலைந்து கைகள் அவளைப் பிடித்துத் தூக்கின. தொண்ணூற்று நான்கு. பதினான்காம் கதவின் சரித்திரத்தில் அதுதான் மிக உயர்ந்த எண். அந்த எண் திரையில் இருந்தபோதுதான் கடைசி மூட்டை மேலே போய்க் கசிவு நின்றது.

ஐந்தரை மணி ஆகியிருந்தது. மழை விட்டிருந்தது. ஒருவருடைய கால் பெருவிரல் நசுங்கியிருந்தது. அவ்வளவுதான். தர்சிகா சேற்றிலேயே உட்கார்ந்து, முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு சற்றுநேரம் மூச்சுவிட்டாள். அவள் வாழ்நாளில் அப்படியொரு ஆறுதலை அறிந்ததில்லை.

ஆறரை மணிக்குக் கதவு மறுபடி பூட்டும். அதற்கு முன் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடவேண்டும் என்று அவள் ராமிஸையும் நித்ஸாவையும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டாள். மூவரும் உடம்பெல்லாம் சேறாக நின்றார்கள். ஆண்ட்ரியாஸிடம் சொன்னதையே எளிமையாகச் சொன்னாள். அறையில் கூடியவர்களின் கைபேசிகள், அவற்றை அது வாசித்த விதம், அதனால் ஏறிய எண்.

ராமிஸ்தான் முதலில் பேசினார். "அப்ப, என்ர தகப்பன் செத்த கிழமை எழுபத்தொண்டு ஏறினது..."

"அதுக்கு முதல் நாள் நீங்கள் கூட்டத்துக்கு வந்தனீங்கள். இருபத்தாறு பேர் வந்திருந்தவை."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். "அண்டைக்குக் கனகாலத்துக்குப் பிறகு நான் தம்பியைப் பற்றிக் கதைச்சனான்," என்றார். "என்ர போனும் அந்தக் கணக்கில இருந்திருக்கும்."

"இருந்தது, அண்ணை. ஆனா அவர் செத்தது நீங்கள் வந்ததால இல்லை. மெஷின் பிழையா வாசிச்சதால. அந்தப் பிழையை மூண்டு வரியமா நாங்கள் கண்டுபிடிக்காததால. அதை நான் அறிக்கையில அப்பிடியே எழுதுவன்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்த கையில் சேறு இருந்ததால் முகமெல்லாம் கோடாயிற்று. "இவ்வளவு காலமும் வேற மாதிரி நினைச்சுக்கொண்டிருந்தன்," என்றார் நித்ஸாவின் பக்கம் திரும்பாமல். "நாங்கள் கதைக்கிறதை நீங்கள்தான் உங்கட ஆக்களுக்குச் சொல்லிக்குடுக்கிறியள், அதாலதான் எண் ஏறுது எண்டு."

நித்ஸா கண்ணாடியைக் கழற்றினாள். "நான் நினைச்சன், நீதான் ஏதோ திட்டம் போடுறாய் எண்டு. உன்ர தகப்பன் போனதுக்குப் பிறகு அப்பிடி ஒரு கோபம் உன்ர முகத்தில இருந்தது. ரெண்டு வரியமும் உனக்குப் பக்கத்துக் கதிரையில இருந்துகொண்டு உன்ர பையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"என்ர பையையோ?"

"ஓம். ஒவ்வொரு மாசமும்."

"அதுக்குள்ள சாப்பாட்டுப் பெட்டிதான் இருந்தது."

"இப்ப விளங்குது," என்றாள் நித்ஸா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். "அப்ப ஒருத்தரும் இல்லை. எங்களுக்குள்ள ஒருத்தரும் கள்ளன் இல்லை." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு தொலைபேசியை எடுத்து, கூட்டத்துக்கு வராமல் நின்றுபோனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடி அழைக்கத் தொடங்கினாள். ராமிஸும் தன்னுடையதை எடுத்தார். ஒரே அறையில் இரண்டு மொழிகளில் ஒரே செய்தி போய்க்கொண்டிருந்தது. தர்சிகா மெதுவாக வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

மன்றம் ஆறு கிழமை எடுக்கவில்லை. தொண்ணூற்று நான்கு என்ற எண்ணும், நசுங்கிய ஒரு பெருவிரலும் பக்கம் பக்கமாக இருந்த அறிக்கையை மறுக்க யாராலும் முடியவில்லை. இரண்டாவது கிழமையில் பதினான்காம் கதவின் எண்ணை நிறுத்திவைத்தார்கள். மனிதர் காவலிருந்து சோதித்து விடும் கதவாக அது மாறியது. மற்றக் கதவுகளின் பதிவுகளையும் தோண்டத் தொடங்கினார்கள். சந்திப்பு வேறு, சண்டைக்குக் கூடுவது வேறு என்று பிரித்தறியும் புதிய மாதிரி ஒன்றைப் பரிசோதனைக்கு ஓடவிட்டார்கள். அது எண்ணை நிக்கோசியாவுக்கு மட்டும் காட்டும். எதையும் பூட்டாது. தர்சிகாவின் மேல் வழக்கு வரவில்லை. அது தெரிந்த அன்றிரவு தங்குமிடத்தில் பத்து மணித்தியாலம் தூங்கினாள்.

அடுத்த மூன்றாம் செவ்வாய்க்கு அவளையும் அழைத்திருந்தார்கள். நாலு மணிக்கு இருபத்தொன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். முதல் ஒரு மணிநேரம் இறந்தவர்களைப் பற்றிப் பேசினார்கள். பிறகு யாரோ, இனி இந்தக் கதவு என்னவாகும் என்று கேட்டார்கள். அதோடு அமைதி போயிற்று.

"மெஷின் போச்சுது, கதவும் போகவேணும்," என்றார் ராமிஸ். "காவலுக்கு ஆள் நிண்டாலும் கதவு கதவுதான்."

"கதவு போனால் மற்றப் பக்கத்தால வாறவனை ஆர் பாக்கிறது?" என்றாள் நித்ஸா. "என்ர மகனைக் கொன்றவன் பஸ்ஸிலதான் வந்தவன். அண்டைக்கு ஒரு கதவு இருந்திருந்தால் எண்டு நான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறனான்."

"என்ர தகப்பனைக் கொன்றது கதவு."

"தெரியும். அதுக்காக..."

"அதுக்காக என்ன?"

இருபத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒருவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஒரு பெண் மேசையில் அடித்தாள். தர்சிகாவின் மொழிபெயர்ப்பான் யாரை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் திணறி நின்றுபோயிற்று.  எல்லாம் மறுபடி குழம்பிவிடுமோ என்று வெளியே வந்து நின்றாள். அப்போது நிக்கோசியாவிலிருந்து அழைப்பு வந்தது. நின்றுபோன கருவிக்கு மறுபடி உயிர் வந்து, ஆண்ட்ரியாஸின் குரலைக் காதுக்குள் சொன்னது.

"அங்க என்ன நடக்குது?" என்று கேட்டார் அவர். "புது மாதிரியில உங்கட இடத்து எண் நாலு மணியில இருந்து இருபத்திரண்டில நிண்டது. இப்ப கொஞ்ச நேரமா இறங்கிக்கொண்டே வருது. இப்ப ஒன்பது. பிழையோ எண்டு ரெண்டு தரம் பாத்திட்டன். பிழை இல்லை."

அவள் கதவு இடுக்கால் உள்ளே பார்த்தாள். ராமிஸ் எழுந்து நின்று கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். நித்ஸா அவரை விடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். எழுந்த மனிதர் வெளியே போகவில்லை. தன் கதிரையைச் சண்டைக்கு இன்னும் கிட்டவாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சண்டை பிடிக்கினம்," என்றாள் தர்சிகா.

"என்ன சண்டை?"

"சமாதானம் எண்டால் என்ன எண்டு."

 "அப்ப ஒருத்தரும் அவையளை மறிக்காதேங்கோ," என்றார் ஆண்ட்ரியாஸ்.

தர்சிகா தொலைபேசியை அணைத்துவிட்டு உள்ளே போனாள். வெறும் கதிரை ஒன்றும் அவளுக்குக் கிட்ட இல்லாததால், சுவரோரம் இருந்த ஒரு வெற்று எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.